பட்டாள லாரியும் மாற்று யந்திரமும்

சுண்ணாம்புக்கல் சுமக்கும் லாரிகளை நாடோறும் காணும் ரெட்டிபாளையத்தார்க்கு, பாரவண்டியை ஓட்டுதலினும் நிறுத்துதலே அரிது என்பது தெரிந்ததே. பழைய பட்டாள லாரிக்கு மாற்று யந்திரம் பூட்டப் புகுவோரும் இதனை மறத்தலாகாது.

இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது கனடா தேசத்து ஃபோர்டு, ஷெவர்லே தொழிற்சாலைகள் 4 லட்சத்திற்கு மேற்பட்ட ராணுவ லாரிகளைச் செய்தளித்தன. யுத்தம் முடிந்தபின் நம் நாட்டில் எஞ்சி நின்றவற்றுட் பல விற்கப்பட்டுப் பாரவண்டிகளாயின. பெட்ரோல் செலவுக்கு அஞ்சினோர் டீசல் யந்திரத்தை நாடினர். 1840இல் சென்னையில் தோன்றிய சிம்ப்ஸன் கம்பெனியார் 1950களில் பெர்க்கின்ஸ் டீசல் யந்திரங்களைச் செய்யத் தொடங்கினர்.

மாற்றத்தால் விளைவன யாவை எனக் காண்போம். டீசல் யந்திரம் கனமானது. ஆதலின் முன்புறத்து வில்பட்டைகளும் தாங்கிகளும் வலுப்பெறல் வேண்டும். அதன் சுழற்சி வேகம் குறைவு. பின்னச்சின் பல்விகிதத்தை மாற்றாவிடில் வண்டி மெதுவாகவே செல்லும். இவற்றினும் முக்கியமானது பிரேக். பெட்ரோல் யந்திரம் காற்றை உள்ளிழுக்கும் குழாயில் ஒருவகை வெற்றிடம் பிறக்கிறது. சில லாரிகளில் அதுவே ஓட்டுவோன் காலுக்குத் துணைநின்று பிரேக்கை அழுத்துகிறது. டீசல் யந்திரத்தில் பொதுவாக அவ்வெற்றிடம் போதிய அளவு பிறவாது. தனியே வெற்றிடப் பம்பு வையாது பாரத்தோடு சரிவில் இறங்குவோன் பிறர் உயிரையும் பணயம் வைக்கிறான்.

அடிச்சட்டத்தை வெட்டாது பொருத்துதலும், கழற்றிய யந்திரத்தை எண்ணெயிட்டுக் காத்தலும் நன்று. பின்னொருநாள் பழைய உருவை மீட்கலாம். மாற்றத்தை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவு செய்வித்தலும் கடமையாம். ஓடச் செய்தல் பாதி வேலையே. நிற்கச் செய்தலே மறுபாதி என்போம்.