வெயிலுக்கு வெளியிலேயே தடா!

மேற்கு பார்த்த ரூமா உங்களுக்கு? கையைக் கொடுங்க... நானும் உங்க கட்சிதான்!

சென்னையில எங்க பாட்டி ரூம் அப்படித்தான். மே மாசம் சாயங்காலம் நாலு மணிக்கு ஃபேன் போட்டா அனல் காத்து. ஜன்னலைச் சாத்தி, கனமா ஸ்கிரீன் போட்டும் பாட்டிக்கு ராத்திரித் தூக்கமில்லை. ஏன்?

சிம்பிள் சயின்ஸ் பாஸ்! கண்ணாடி வழியா நுழையற வெயில் ஸ்கிரீனைச் சூடாக்கும். சூடான ஸ்கிரீன் விடற வெப்பக் கதிரை அதே கண்ணாடி சுலபத்துல வெளியே விடாது. திருடன் ஹாலுக்கு வந்தப்புறம் வாசலைப் பூட்டின கதைதான்! வெயிலை ஜன்னலுக்கு வெளியிலேயே மடக்கணும்.

'அதான் சன்ஷேட் இருக்கே'ங்கறீங்களா? மே மாசம் சென்னையில உச்சி சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு மேல, லேசா வடக்கே தள்ளி நிக்கும். தெற்கு ஜன்னலுக்குக் கவலையில்லை. வில்லன், தாழ்வா வர்ற காலை, மாலை வெயில். அது சன்ஷேடுக்குக் கீழே புகுந்துடும். அதை மறிக்க, நேரா தொங்கற மூங்கில் தட்டிதான் சரி.

ஜன்னலுக்கு ஒரு சாண் தள்ளிக் கட்டுங்க. நடுவுல காத்து ஓடணும். கிழக்குத் தட்டியைக் காலையில, மேற்குத் தட்டியை மத்தியானம் இறக்குங்க. பொழுது சாஞ்சதும் சுருட்டிட்டு ஜன்னலைத் திறந்துடுங்க.

எங்க வீட்டுல கட்டியாச்சு. ஏ.சி. மாதிரி ஜில்லுனு ஆகலை. ஆனா, பாட்டி தூங்கறாங்க. நான்தான் அரியருக்காக முழிச்சிருக்கேன்!