கூழ்ப் பானையும் குடும்ப அறையும்

ஆடி பிறந்தால் என் கைபேசிக்கு ஒரே கேள்விதான். கனடாவிலிருந்தும் வரும், கொழும்பிலிருந்தும் வரும். "அண்ணை, பிள்ளையளை றீச்சாவுக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும். கிட்டடியில மலிவா ஒரு இடம் பாத்துச் சொல்லுங்கோ." கேட்கிறவருக்கு இது ஒரு கேள்வி, எனக்கு இரண்டு. கிட்ட இருப்பதும் மலிவாக இருப்பதும் அநேகமாக ஒரே வளவுக்குள் குடியிருப்பதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெரிய பொழுதுபோக்குப் பூங்கா என்று சொல்ல இடம் குறைவு. இயக்கச்சியில் இருக்கும் றீச்சா பண்ணைதான் அதற்கு நெருங்கி வருவது. இயற்கை வேளாண் பண்ணை. இப்போது குடும்பம் குடும்பமாகப் போய் ஒரு பகலைக் கழிக்கிற இடம். பட்டினத்திலிருந்து ஏ9 வீதியில் ஐம்பது கிலோமீற்றருக்குக் கிட்ட, ஆனையிறவுக்குச் சற்று முன்னால்.

இனி அறைக் கதை. ஒரு விடுதி தன் அறைக்கு எப்படி விலை வைக்கிறது என்று விளங்கிக்கொள்ள ஹொட்டேல் படிப்பெல்லாம் வேண்டாம். குசினியில் நின்று ஒருமுறை ஒடியற் கூழ் காய்ச்சிப் பார்த்தவருக்கு முக்கால்வாசி ஏற்கெனவே தெரியும்.

பெரிய பானை அடுப்பில் ஏறிவிட்டது. நாலு பேருக்குக் காய்ச்சினாலும் பத்துப் பேருக்குக் காய்ச்சினாலும் விறகு ஏறக்குறைய ஒன்றுதான். விடுதிக்காரரின் விறகு வங்கிக் கடன், வேலையாட்களின் சம்பளம், கிணற்று மோட்டர், பெயர்ப்பலகைக்கு இரவு முழுக்க எரியும் மின்விளக்கு. அறை பூட்டிக் கிடந்தாலும் அந்த விறகு எரிந்துகொண்டே இருக்கும். நீங்கள் வந்து படுப்பதால் அவருக்குக் கூடும் செலவு கொஞ்சம்தான்: விரிப்புத் தோய்க்க வேண்டும், சவர்க்காரக் கட்டி ஒன்று, ஏசி ஓடினால் மின்சாரம், காலைச் சாப்பாடு. இந்தக் கொஞ்சத்துக்கு மேலே எந்த விலை கிடைத்தாலும் வெறும் அறையைவிட அவருக்கு இலாபம். விலை பேச இடம் இருப்பது இதனால்தான்.

ஒரு வித்தியாசமும் உண்டு. மிஞ்சின கூழை அடுத்த நாள் காலையில் சூடாக்கிக் குடிக்கலாம்; அதுதான் ருசி என்று சத்தியம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். நேற்றிரவு வெறுமையாகக் கிடந்த அறையை இன்றைக்குச் சூடாக்கி விற்க முடியாது. ஆகவே ஆள் வராத செவ்வாய்க்கிழமை இரவில் விடுதிக்காரரின் குரல் கொஞ்சம் இளகும். ஐப்பசி, கார்த்திகை மாரி மழையிலும் அப்படித்தான். தை, மாசியில் மழையும் விட்டிருக்கும், வெயிலும் ஏறியிருக்காது, கூட்டமும் அவ்வளவாக இராது. என்னைக் கேட்டால் பிள்ளைகளோடு வர அதுதான் காலம்.

ஆடி, ஆவணியில் கதை மாறிவிடும். நல்லூர்க் கந்தன் திருவிழா 25 நாள். 24ஆம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். கனடாவிலும் ஐரோப்பாவிலும் பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விழுவதும் அதே மாதங்களில்தான். பானை அதேதான், பனையோலைப் பிளாவோடு வரிசையில் நிற்கிறவர்கள் பத்து மடங்கு. அர்ச்சனைக்கு ஒரு ரூபா மட்டும் வாங்கிப் பேர் பெற்ற கோயில் அது. சுற்றிவர உள்ள விடுதிகளுக்கு அந்த விரதம் கிடையாது. பூரணைப் போயாவை ஒட்டி நீண்ட விடுமுறை வந்தாலும் இதே நெரிசல்தான். நயினாதீவு நாக விகாரைக்குப் போகத் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்திறங்கும்.

இப்போது சரக்கு. கூழுக்குச் செத்தல் மிளகாயும் பழப்புளியும் போல, அறை விலைக்குள்ளும் சில சாமான்கள் கரைந்திருக்கும், அல்லது கடைசியில் தூவப்படும். சேவைக் கட்டணம் நூற்றுக்குப் பத்து. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து நூற்றுக்குப் பதினெட்டு. பத்தாயிரம் ரூபா என்று சொன்ன அறை இவை இரண்டும் ஏறினால் பதின்மூவாயிரத்துக்குக் கிட்டப் போய் நிற்கும். வருமானம் குறைந்த சின்ன விருந்தினர் விடுதிகள் பல இந்த வரிப் பதிவுக்குள் வருவதில்லை. ஆகவே இரண்டு விடுதிகள் ஒரே விலை சொன்னாலும் பில் ஒன்றாக இராது. "எல்லாம் சேர்த்தோ, இல்லாட்டி வரி வேறையோ?" என்ற ஒரு கேள்வியில் இது வெளித்துவிடும். இணையத் தளம் வழியாகப் பதிந்தால் விடுதிக்காரர் தளத்துக்கும் ஒரு பங்கு கொடுக்கிறார், பொதுவாக நூற்றுக்குப் பதினைந்து அளவில். தளத்தில் படங்களைப் பாருங்கள், போய் வந்தவர்கள் சொல்வதை வாசியுங்கள். பிறகு விடுதிக்கே அழைத்துப் பேசுங்கள். அந்தப் பங்கில் பாதியாவது உங்கள் பக்கம் திரும்ப வழி உண்டு.

குடும்பத்தோடு வருகிறவர்கள் காசை விடுவது பெரும்பாலும் இங்கே அல்ல, பானையின் அளவில்தான். போன வருடம் ஒரு விடுதிக்கு நான் எடுத்த அழைப்பு இப்படிப் போனது.

"அண்ணை, அறை இருக்கோ?"

"இருக்குத் தம்பி. ஆக்கள் எத்தனை?"

"பெரிய ஆக்கள் ரெண்டு, பிள்ளையள் ரெண்டு, அம்மா."

"அப்ப ரெண்டு அறை வேணும்."

"பிள்ளையளுக்கு ஆறும் ஒம்பதும். அம்மாக்கு மாடி ஏற ஏலாது."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "கீழ ஒரு பெரிய அறை கிடக்கு. ரெண்டு பெரிய கட்டில். மெத்தை ஒண்டு போட்டுத் தரலாம்."

அந்தப் பெரிய அறை விலைப்பட்டியலில் இல்லை. நாங்கள் வயதையும் முழங்காலையும் சொன்ன பிறகுதான் அது வெளியே வந்தது. இரண்டு அறை என்றால் இரண்டு அடுப்பு, இரண்டு விறகு. ஒரு பெரிய அறையில் ஐந்தாவது ஆளுக்கு மெத்தை போடுவது, காய்ச்சின கூழில் இன்னொரு பிளாவுக்கு வார்ப்பது போல. விடுதிக்காரருக்கு அது சில்லறைச் செலவு. பேச்சுக்கு, அறை ஒன்று ஏழாயிரம் என்றால் இரண்டும் பதினாலாயிரம். பெரிய அறை பத்தாயிரமும் மெத்தைக்கு ஆயிரத்து ஐந்நூறும் என்றாலும் ஒரு இரவுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு கையில் நிற்கும். மூன்று இரவுக்குப் பெருக்கிப் பாருங்கள். திகதியைச் சொல்லுமுன் தலைகளைச் சொல்லுங்கள், பிள்ளைகளின் வயதோடு.

கூழுக்கு ஒடியல் மாவை அப்படியே போடுகிறவர் யாரும் இல்லை. ஊறவைத்து, கசப்புத் தண்ணீரை வடித்து ஊற்றிவிட்டுத்தான் கரைப்பார்கள். அறைக்கும் ஊறவைக்கும் வேலை உண்டு, எல்லாம் முற்பணம் கட்டுமுன். எனக்கு அது பட்டுத் தெரிந்தது. ஒருமுறை வெள்ளவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து விடியற்காலை ஐந்தரைக்கு இறங்கினோம். அறை பின்னேரம் இரண்டு மணிக்குத்தான் என்றார்கள். அவர்கள் சொன்னதில் பிழையில்லை, பதிவுத் தாளில் அப்படித்தான் இருந்தது. சோறு வடிக்குமுன் வந்த விருந்தாளி மாதிரி, சின்னவன் பயணப்பையில் தலை வைத்து நித்திரையாக, எட்டரை மணித்தியாலம் விறாந்தையில் இருந்தோம். இப்போதெல்லாம் "காலமை ஆறு மணிக்கு வந்தா உள்ளுக்கு விடுவியளோ, அதுக்குக் காசு வேறையோ?" என்பதுதான் என் இரண்டாவது கேள்வி.

மூன்றாவது தண்ணீர். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கிக் கிடப்பது. சில இடங்களில் உப்பும் ஏறியிருக்கும். அறையில் வைத்திருக்கும் மின்கேத்திலின் மூடியைத் திறந்து அடியைப் பாருங்கள். வெள்ளையாகப் படை படிந்திருந்தால் அழுக்கு என்று முகம் சுளிக்க வேண்டாம், அது எங்கள் மண். ஆனால் பால்மா கரைக்கிற வயதில் பிள்ளை இருந்தால் குடிதண்ணீர் விடுதி தருமா, போத்தல் வாங்க வேண்டுமா என்று கேட்டுவைக்க வேண்டும். காலைச் சாப்பாட்டையும் விசாரியுங்கள். விலைக்குள் இடியப்பமும் சொதியும் அடங்கினால் ஐந்து பேருக்கு அது சின்னத் தொகை அல்ல. திருவிழாக் காலத்தில் நல்லூரை அண்டிய இடங்களில் மச்சம் கிடையாது என்பதையும் கனடாப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கடைசியாக, எல்லாரும் முதலில் கேட்கிற "கிட்ட". அடுப்பை எங்கே மூட்டுவது? அதிக வேளை சாப்பிடப்போகிற இடத்தில்தான். நாலு நாள் பயணம் என்று வையுங்கள். ஒரு நாள் றீச்சா. மீதி நல்லூர், கீரிமலை, காரைநகர் கசூரினா கடற்கரை, குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நயினாதீவு. இவையெல்லாம் பட்டினத்திலோ அதற்கு அங்கால் வடக்கிலும் மேற்கிலுமோ கிடப்பவை. இயக்கச்சியில் அறை எடுத்தால் ஒரு நாள் லாபம், மூன்று நாள் காலையும் மாலையும் ஐம்பது கிலோமீற்றர். அறையில் மிச்சம் பிடித்ததை வான்காரர் வாங்கிக்கொண்டு போவார். சாவகச்சேரி, கொடிகாமம் பக்கம் நடுவழியாகத் தெரியும்; சொந்த வாகனம் இருந்தால் சரி, பஸ்ஸை நம்பி வருகிறவர்களுக்குப் பின்னேரத்தில் அலைச்சல்.

வரைபடத்தைத் தெற்கிலிருந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். ஏ9 வழியாக வருகிறவருக்கு ஆனையிறவு தாண்டியதும் இயக்கச்சி, அதன் பிறகு பளை, கொடிகாமம், சாவகச்சேரி, கடைசியில்தான் யாழ்ப்பாணம். கொழும்பிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ வானில் வரும் குடும்பத்துக்கு றீச்சா போகிற வழியிலேயே இருக்கிறது. வரும்போது பகலில் இறங்குங்கள், அல்லது திரும்பும் நாளில். பயணப்பைகள் வானிலேயே கிடக்கட்டும், இரவுக்குப் பட்டினம் வந்துவிடலாம். பூங்காவுக்குக் கிட்ட அறை தேடும் வேலையே இல்லை.

தேர்த் திருவிழாவுக்கு வருகிறவர்களுக்கு மட்டும் இந்த விலை பேசும் வித்தையெல்லாம் உதவாது. ஆனி பிறக்குமுன் அழையுங்கள். ஆடியில் என்னைக் கேட்டால் என் வீட்டு விறாந்தைதான் மிச்சம்.