விளக்கைப் பிடிக்கும் கை

சொத்தைப் பல்லை அடைத்துக்கொள்ளப் பல் மருத்துவரிடம் சென்றிருக்கிறீர்களா? குழியைச் சுத்தம் செய்து, பல்லின் நிறத்திலேயே ஒரு பசையை அதில் வைப்பார். பிறகு பேனா போன்ற ஒரு விளக்கை வாய்க்குள் நீட்டுவார். நீல ஒளி பளிச்சிடும். சில விநாடிகளில் பசை கல்லாகிவிடும்! இது எப்படி?

அந்தப் பசையில் கண்ணாடி போன்ற நுண்துகள்களும், ரெசின் என்னும் பிசினும் உள்ளன. இவ்வகைப் பிசினுக்கு அமெரிக்க அறிஞர் ரஃபேல் போவன் 1962-இல் காப்புரிமை பெற்றார். பிசினில் கேம்ஃபர்குயினோன் என்ற மஞ்சள் நிறப் பொருள் சிறிதளவு கலந்திருக்கும். நம் கற்பூரத்திலிருந்து செய்யக்கூடிய பொருள்தான் இது! ஏறத்தாழ 470 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை இது உறிஞ்சி, வினையைத் தூண்டுகிறது. தனித்தனியே இருந்த மூலக்கூறுகள் கைகோத்து வலையாகப் பின்னிக்கொள்கின்றன. பசை இறுகுகிறது.

அப்படியானால் நல்ல விளக்கு இருந்தால் போதுமா? ஒரு கணக்குப் போடுவோம். விளக்கின் ஒளி சதுர சென்டிமீட்டருக்கு 1000 மில்லிவாட் என்று கொள்வோம். 20 விநாடியில் கிடைப்பது 20 ஜூல். முனை விலகிப் பாதி ஒளியே குழிக்குள் விழுந்தால்? 10 ஜூல்தான்! மேற்பரப்பு இறுகிவிடும், அடியிலுள்ள பிசின் சரியாக இறுகாது. மேலே தட்டிப் பார்த்தால் குறை தெரியாது. நாளடைவில் அடைப்பு உடையலாம். ஓரத்தில் மீண்டும் சொத்தை பிடிக்கலாம்.

கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு பிரைஸ் குழுவினர் இதை அளந்து பார்த்தனர். ஒரு பொம்மைத் தலையின் பற்களுக்குள் ஒளியை அளக்கும் உணர்கருவிகளைப் பொருத்தினர். விளக்கு ஒன்றே, பல் ஒன்றே, நேரமும் ஒன்றே. ஆனால் பிடித்த ஆளுக்கு ஆள், பல்லைச் சேர்ந்த ஆற்றல் மாறியது! முறையாகப் பயிற்சி தந்த பிறகு நிலைமை சீரடைந்தது.

கை ஏன் விலகுகிறது? காரணம் கண்! நீல ஒளி கூசும். முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றும். பார்க்காத கை நழுவும். மருத்துவர் ஆரஞ்சு நிறக் கண்ணாடி வழியே பார்ப்பது இதனால்தான். அது நீல ஒளியைத் தடுத்துக் கண்ணைக் காக்கிறது. முனையைப் பார்த்துக்கொண்டே பிடிக்கவும் உதவுகிறது. முனை பசைக்கு மிக அருகில், நேராக, அசையாமல் இருக்கவேண்டும். ஆழமான குழியானால், பொதுவாக 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக நிரப்பி, ஒவ்வோர் அடுக்குக்கும் ஒளி பாய்ச்சவேண்டும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு குவளையின் உட்புறம் கறுப்புத் தாளைச் சுற்றி, அடியில் வெள்ளைத் தாளை வையுங்கள். டார்ச் விளக்கை மேலிருந்து நேராகப் பிடியுங்கள். பிறகு சற்றுச் சாயுங்கள். அடியில் நிழல் விழுகிறதல்லவா? பற்குழியிலும் இதுவே நடக்கிறது.

அடுத்த முறை பல் அடைக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். மருத்துவரின் கை மட்டும் அசையாமல் இருந்தால் போதாது. உங்கள் தலையும் அசையக்கூடாது!