6,000 ரூபாய்க்குப் பழைய டிஜிட்டல் கேமரா... வாங்கலாமா, போனே போதுமா?

"அக்கா, 20 மெகாபிக்சல், 12எக்ஸ் ஜூம், ஆறாயிரம்தான் சொல்றாங்க. வாங்கிடவா?"

சிட்லபாக்கத்தில் இருக்கும் சித்தி பொண்ணு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இது. ட்யூஷன் எடுத்துச் சேர்த்த பணம். இன்ஸ்டாகிராமில் பார்த்த செகண்ட் ஹேண்ட் கேமரா. விற்பவர் சிட்லபாக்கம் ஏரிக்கரைக்கே கொண்டுவந்து காட்டுகிறேன் என்றதால், ஞாயிறு காலை நானும் கிளம்பிப் போனேன்.

பத்து வருஷத்துக்கு முந்தைய கேமராவுக்கு ஏன் இவ்வளவு விலை? ஜப்பான் கேமரா தயாரிப்பாளர்கள் அமைப்பான சிபாவின் கணக்குப்படி, 2010-ல் லென்ஸ் கழற்ற முடியாத டிஜிட்டல் கேமராக்கள் 10.8 கோடிக்கு மேல் விற்பனைக்குப் போயின. 2023-ல் அது சுமார் 17 லட்சம். ஸ்மார்ட்போன் வந்ததும் 98 சதவீதத்துக்கு மேல் காலி! பெரிய நிறுவனங்கள் மலிவு மாடல்களை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டன. இப்போது 2000-களின் 'லுக்' வேண்டும் என்று இளைஞர்கள் தேட, புதுசு கிடைப்பது அரிது, பழசுக்கு கிராக்கி. கோடக் பிக்ஸ்புரோ மாதிரி சில புது மாடல்கள் உண்டு. அதிலும் கோடக் என்பது பெயர் மட்டும்தான். உரிமம் வாங்கித் தயாரிப்பது ஜேகே இமேஜிங் என்ற வேறு நிறுவனம்.

சரி, 20 மெகாபிக்சல் என்பது பெரிய விஷயமா? இல்லை. நாலுக்கு ஆறு அங்குல பிரிண்ட் போட 2 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். ஏ4 அளவுக்கே 9 மெகாபிக்சல் தாராளம். பார்க்க வேண்டியது சென்சார். மலிவு காம்பாக்ட் கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது 1/2.3 அங்குல சென்சார். சுமார் 28 சதுர மில்லிமீட்டர், அதாவது சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. இன்றைய நடுத்தர விலை போன்கள் பலவற்றில் 1/1.56 அங்குல சென்சார் வருகிறது (கீழே உள்ள எண் குறையக் குறைய சென்சார் பெரிது). அதன் பரப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். அதனால் ராத்திரியில் ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் போன்தான் ஜெயிக்கும். இதை விற்பவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் கேமரா எதில் ஜெயிக்கும்? இரண்டு விஷயத்தில். ஒன்று, ஆப்டிகல் ஜூம். லென்ஸே நகர்ந்து தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்குகிறது. டெலிபோட்டோ லென்ஸ் இல்லாத போன், எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். ஏரியில் தள்ளி உட்கார்ந்திருந்த மீன்கொத்தியை இரண்டிலும் எடுத்துப் பார்த்தோம். போனில் நீலமாக ஒரு திட்டு. கேமராவில் அலகும் வெள்ளை மார்பும் தெரிந்தது. அவள் முகத்தில் அப்பவே 'வாங்கியாச்சு' என்று எழுதி ஒட்டியிருந்தது. இன்னொன்று, ஃபிளாஷ். போனில் இருப்பது எல்இடி விளக்கு. கேமராவில் இருப்பது செனான்; கண நேரத்தில் பளிச்சென்று அடித்து, ஆடுகிறவர்களையும் அசையாமல் நிறுத்தும். கல்யாண ரிசப்ஷன் படங்களில் வரும் அந்த 'பழைய லுக்'கில் பாதி இந்த ஃபிளாஷ் வேலைதான். சிசிடி சென்சார் என்றாலே மாயம் என்று சொல்லி விலை ஏற்றுவதை முழுசாக நம்ப வேண்டாம்.

புதுசாகவே 'அம்பது மெகாபிக்சல், 4கே, 16எக்ஸ் டிஜிட்டல் ஜூம்' என்று பெயர் தெரியாத பிராண்டுகள் குறைந்த விலைக்கு வருகின்றன. 'டிஜிட்டல்' ஜூம் என்று மட்டும் போட்டிருந்தால் லென்ஸ் நகராது. மெகாபிக்சலும் பெரும்பாலும் மென்பொருளால் ஊதிப் பெரிதாக்கியதுதான். தயவுசெய்து வேண்டாம்.

பழைய கேமராவைச் சோதிக்க, முதலில் நாலைந்து தடவை ஆன்-ஆஃப் செய்து லென்ஸ் சிக்காமல் வெளியே வருகிறதா என்று பாருங்கள். பேட்டரி அறையில் பச்சையோ வெள்ளையோ படிந்திருந்தால் விட்டுவிடலாம். மெமரி கார்டு முக்கியம். ஒலிம்பஸ், ஃபியூஜி பழைய மாடல்களில் எக்ஸ்டி கார்டு, பழைய சோனியில் மெமரி ஸ்டிக். இரண்டும் இப்போது தேடி அலைய வேண்டியவை. எஸ்டி கார்டு போடும் கேமராவிலும் 2006-க்கு முந்தையது என்றால் 2 ஜிபிக்கு மேல் பெரும்பாலும் ஏற்காது. கடைசியாக, ஜூமை முழுசாக இழுத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள். நம்ம ஊர் ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது சகஜம்.

பக்கத்து வீட்டு காம்பவுண்ட் சுவரில்தான் அது தெரிந்தது. படத்தின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் மூன்று புள்ளிகள். பேட்டரியும் இருபது படத்தில் பாதியாகிவிட்டது. புது பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்தால் ஏழாயிரத்தைத் தாண்டும். "4,000-க்குத் தர்றீங்களாண்ணா?" என்று அவளே கேட்டாள். அவர் சிரித்தபடியே பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா பீரோவைக் குடைந்து 2008-ல் வாங்கிய கேமராவை எடுத்துத் தந்தார். ரெண்டு ஏஏ பேட்டரி போட்டதும் உயிர் வந்தது. 8 மெகாபிக்சல், எஸ்டி கார்டு, ஃபிளாஷ் அடிக்கிறது. சுவர்ப் படத்திலும் புள்ளி இல்லை. ஜூம் மட்டும் 3எக்ஸ்தான். மீன்கொத்தி அதில் சின்னதாகத்தான் விழும். ஆறாயிரம் இன்னும் அவள் கணக்கில் இருக்கிறது.