நிறம் காட்டும் இரண்டாம் எதிர்ப்பொருள்

இரண்டாம் எதிர்ப்பொருள் என்பது மற்றோர் எதிர்ப்பொருளைத் தேடிப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள். உடலுக்குள் கிருமி நுழைந்தால், அதன் மீதுள்ள ஆன்டிஜென் என்னும் பொருளைப் பற்றுவதற்காக உடல் உருவாக்கும் புரதமே ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள். அது தன் இலக்கைப் பிசகாமல் பற்றும். ஆனால் பற்றியது வெளியே தெரியாது, ஏனெனில் அதற்கு நிறமும் இல்லை, ஒளியும் இல்லை. நடந்ததை ஆய்வகத்தில் நிறமாகவோ ஒளியாகவோ காட்டித் தருவது, அடையாளப் பொருள் இணைக்கப்பட்ட இரண்டாம் எதிர்ப்பொருள்.

இரத்தத்தில் மிகுதியாக உள்ள எதிர்ப்பொருள் ஐஜிஜி வகை. அதன் மூலக்கூறு எடை ஏறத்தாழ 1,50,000 டால்டன். வடிவம் உண்டிவில்லின் கவட்டையைப் போன்றது. இரண்டு கிளைகளின் நுனிகளும் ஆன்டிஜெனுக்கு ஏற்ப மாறுபடும். தண்டுப்பகுதியோ ஒரே விலங்கினத்தில் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும்; இனத்துக்கு இனம் வேறுபடும். இந்த வேறுபாடே இரண்டாம் எதிர்ப்பொருளுக்கு அடிப்படை. சுண்டெலியின் ஐஜிஜியை வெள்ளாட்டுக்கு ஊசி வழியே செலுத்தினால், ஆட்டின் உடல் அதை அயற்பொருளாகக் கொண்டு எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. அவை, எந்தக் கிருமிக்கு எதிரானது என்ற பாகுபாடின்றி, சுண்டெலியின் எல்லா ஐஜிஜிகளையும் பற்றக்கூடியவை.

ஆட்டின் இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தில் இவற்றோடு வேறு பல புரதங்களும் கலந்திருக்கும். சுண்டெலி ஐஜிஜி பிணைத்த நுண்மணிகள் நிரம்பிய குழாய் வழியே சீரத்தைச் செலுத்தினால், தேவையான எதிர்ப்பொருள்கள் மட்டும் மணிகளில் ஒட்டிக்கொள்ளும். மற்றவற்றைக் கழுவி அகற்றியபின், அமிலக் கரைசலால் அவற்றை விடுவித்துச் சேகரிப்பர். அடுத்து, மனிதர், மாடு, முயல் போன்ற பிற இனங்களின் புரதங்கள் பிணைத்த குழாய்களிலும் செலுத்தி, அவற்றில் ஒட்டுபவற்றை நீக்குவர். மனிதத் திசுவைச் சோதிக்கும்போது இரண்டாம் எதிர்ப்பொருள் திசுவிலுள்ள மனித ஐஜிஜியையும் பற்றினால், இல்லாத ஒன்று இருப்பதாகத் தோன்றும். இந்தக் கூடுதல் சுத்திகரிப்பு அத்தவறைக் குறைக்கிறது.

எதிர்ப்பொருளோடு ஒளிர்சாயத்தை இணைக்கும் உத்தியை 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஹார்வர்டில் ஆல்பர்ட் கூன்ஸ் குழுவினர் உருவாக்கினர். அன்று சாயம் ஏற்றியது, நிமோனியா கிருமியை நேரடியாகப் பற்றும் எதிர்ப்பொருளில், அதாவது முதல் எதிர்ப்பொருளில்தான். இரண்டாம் எதிர்ப்பொருளில் சாயமேற்றும் மறைமுக முறையை 1954இல் தாமஸ் வெல்லரும் கூன்ஸும் சின்னம்மை வைரஸ் ஆய்வில் பயன்படுத்தினர். சாயத்துக்குப் பதிலாக நொதியை இணைக்கும் முறை 1960களில் வந்தது. 1971இல் ஸ்வீடனில் ஈவா எங்வால், பீட்டர் பெர்ல்மன் இருவரும், நொதி இணைத்த எதிர்ப்பொருளைக் கொண்டு அளவிடும் எலைசா சோதனையை வெளியிட்டனர். அதே ஆண்டில் நெதர்லாந்தின் வான் வீமன், ஸ்கூர்ஸ் இருவரும் ஒத்ததொரு முறையை வெளியிட்டனர்.

இன்று மிகுதியாகப் பயன்படும் நொதி, கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஹார்ஸ்ராடிஷ் செடியின் வேரிலிருந்து கிடைக்கும் பெராக்சிடேஸ். கன்றுக்குட்டியின் குடலிலிருந்து பெறப்படும் அல்கலைன் பாஸ்படேஸ் மற்றொன்று. ஒரு நொதி மூலக்கூறு தான் தேயாமல், பல்லாயிரம் நிறமற்ற மூலக்கூறுகளை நிறமுள்ளவையாக மாற்றும். எனவே மிகச் சிறிய அளவும் கண்ணுக்குத் தெரியும் நிறமாகப் பெருகுகிறது.

முதல் எதிர்ப்பொருளிலேயே அடையாளத்தை இணைத்தால் வேலை ஒரு படி குறையும். ஆயினும் மறைமுக முறைக்கு மூன்று நன்மைகள் உண்டு. ஒரு முதல் எதிர்ப்பொருள் மீது பல இரண்டாம் எதிர்ப்பொருள்கள் ஒட்டுவதால் நிறம் வலுக்கிறது. முதல் எதிர்ப்பொருளில் எதுவும் இணைக்கப்படாததால் அதன் பற்றும் திறன் கெடுவதில்லை. சுண்டெலியில் உருவான நூற்றுக்கணக்கான எதிர்ப்பொருள்களுக்கு ஒரே இரண்டாம் எதிர்ப்பொருள் போதும்.

நோயறியும் எலைசாவில் முதல் எதிர்ப்பொருளின் இடத்தில் நிற்பது நோயாளியின் சொந்த எதிர்ப்பொருளே. 96 குழிகள் கொண்ட தட்டில் முதலில் கிருமியின் ஆன்டிஜெனைப் படியவைப்பர். வெற்றிடங்களை வேறொரு புரதத்தால் மூடியபின் நோயாளியின் சீரத்தை இடுவர். கழுவியபின், மனித ஐஜிஜியைப் பற்றுகிற, நொதி இணைத்த இரண்டாம் எதிர்ப்பொருளைச் சேர்ப்பர். மீண்டும் கழுவி டிஎம்பி என்னும் நிறமற்ற வேதிப்பொருளை ஊற்றினால் நீல நிறம் தோன்றும். அமிலம் சேர்த்து நிறுத்தினால் மஞ்சளாகும். அதன் அடர்த்தியை 450 நானோமீட்டர் ஒளியில் அளப்பர்.

1986இல் சென்னையில் சுனிதி சாலமன், செல்லப்பன் நிர்மலா ஆகியோர் திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் எலைசாவால் சோதிக்கப்பட்டன. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்போதுதான் முதன்முதலாகத் தெரியவந்தது. 2020இல் புனே தேசிய வைராலஜி நிறுவனம் கொரோனாவுக்காக உருவாக்கிய எலைசாவும் மனித ஐஜிஜியைத் தேடும் இரண்டாம் எதிர்ப்பொருளைக் கொண்டதே.

இந்தச் சோதனையின் நம்பகம் சில கவனங்களைப் பொறுத்தது. கழுவுதல் குறைந்தால் ஒட்டாத நொதி தங்கி, பொய்யான நிறம் தரும். இரண்டாம் எதிர்ப்பொருளைத் தேவைக்கு மேல் அடர்த்தியாகச் சேர்த்தாலும் அதே விளைவுதான். ஆகவே பல அளவுகளில் நீர்க்கச் செய்து பார்த்து ஏற்றதைத் தேர்வது வழக்கம். கெடாமல் காக்கச் சேர்க்கும் சோடியம் அசைடு பெராக்சிடேஸை முடக்கிவிடும். எனவே அந்த நொதி உள்ள கரைசலில் அது கூடாது. ஒரே திசுவில் இரண்டு புரதங்களைத் தேடுவதானால், முதல் எதிர்ப்பொருள்கள் இரண்டும் வெவ்வேறு விலங்கினங்களில் உருவானவையாக இருப்பது நல்லது. இல்லையெனில் இரண்டாம் எதிர்ப்பொருளுக்கு வேறுபாடு தெரியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் எதிர்ப்பொருள் சேர்க்காத ஒரு குழியும், தொற்று இல்லையென்று அறிந்த ஒருவரின் சீரம் இட்ட ஒரு குழியும் ஒவ்வொரு தட்டிலும் இருக்க வேண்டும். அவற்றிலும் நிறம் எழுந்தால், இரண்டாம் எதிர்ப்பொருள் பற்றக் கூடாததைப் பற்றியிருக்கிறது, அல்லது கழுவுதல் தவறியிருக்கிறது. அந்தத் தட்டின் முடிவுகளை ஏற்காமல் சோதனையை மீண்டும் செய்வதே சரி.