ஒரே பைல், உள்ளே ஒரு மூட்டை!



பைல் என்றால் தாள், போல்டர் என்றால் தாள்களைப் போட்டு வைக்கும் பை. இப்படித்தான் நாம் படித்திருக்கோம். ஆனா ஒரே பைல் மாதிரி தெரியுறது உண்மையில் போல்டராகவும் இருக்கலாம். எப்படின்னு பார்ப்போமா?

ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் ஒரே ஐகானாகத் தெரியும். நிஜத்தில் அது ஒரு போல்டர். பெயர் 'டாட் ஆப்' என்று முடிவதால் மேக் அதை ஒரே பைல் போலக் காட்டுகிறது. ரைட் கிளிக் செய்து 'ஷோ பேக்கேஜ் கன்டென்ட்ஸ்' கொடுத்தால் உள்ளே உள்ள படம், ஒலி எல்லாம் தெரியும். ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் கம்பெனி 1989-ல் வெளியிட்ட நெக்ஸ்ட்ஸ்டெப்பில் இருந்த முறை இது. 2001-ல் மேக் ஓ.எஸ். எக்ஸ் மூலம் மேக்குக்கு வந்தது.

எதுக்கு இப்படி? நம்ம ஊரில் பறித்த தேயிலையை மூட்டையாகக் கட்டித்தான் எடை போடக் கொண்டு போவாங்க. கட்டாமல் தூக்கினா வழியெல்லாம் சிந்தும். அதே மாதிரிதான், ஒன்றாக இருக்க வேண்டியவை பிரியக் கூடாது என்றுதான் ஒரே பைலாகக் காட்டுறாங்க.

மேக் இல்லாதவர்களும் இதைப் பார்க்கலாம். லிப்ரே ஆபீஸின் 'ஓ.டி.டி.' பைல், வேர்டின் 'டாக் எக்ஸ்' பைல் இரண்டும் மூட்டைதான். ஒரு வித்தியாசம் உண்டு. மேக்கில் போல்டர் பைல் வேஷம் போடுது. இங்கே நிஜமாகவே ஒரே பைல். ஜிப் முறையில் கட்டியதால் உள்ளே போல்டர்கள் இருக்கு.

இதனால் எங்க வீட்டில் ஒரு நன்மை நடந்தது. பாட்டி கொழுந்து பறிக்கும் போட்டோவை அக்கா தன் தேயிலை புராஜெக்டில் சின்னதாக வைத்திருந்தாள். பாட்டி இறந்த பிறகு, போட்டோ எடுத்த போனும் மழையில் நனைந்து கெட்டுப்போச்சு. வேறு போட்டோ கிடையாது. அக்காவின் அரசு இலவச லேப்டாப்பில், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸில் அந்த ஓ.டி.டி. பைலைப் பிரித்தோம். உள்ளே 'பிக்சர்ஸ்' போல்டரில் பாட்டி முழு அளவில் இருந்தாங்க! பிரிண்ட் போட்டு சட்டம் மாட்டிட்டோம்.

செய்முறை:

1. முதலில் பைலை ஒரு காப்பி எடுங்கள். ஒரிஜினலைத் தொட வேண்டாம்.

2. லினக்ஸ் என்றால் காப்பியை ரைட் கிளிக் செய்து ஆர்க்கைவ் மேனேஜரில் திறக்கவும்.

3. விண்டோஸ் என்றால் வியூ மெனுவில் 'பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' டிக் செய்து, பெயரின் கடைசியில் 'ஓ.டி.டி.' இருக்கும் இடத்தில் 'ஜிப்' என்று மாற்றித் திறக்கவும்.

4. 'பிக்சர்ஸ்' போல்டரில் படங்கள் இருக்கும். வேர்ட் பைலில் 'வேர்ட்' போல்டருக்குள் 'மீடியா'வில் இருக்கும்.

உங்கள் வீட்டுப் பழைய புராஜெக்ட் பைல்களை அழிக்கும் முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். தொலைந்து போச்சு என்று நினைத்த முகம் அதற்குள் இருக்கலாம்!

- ஒன்பதாம் வகுப்பு மாணவி