முகவரி போய்ச் சேர்ந்தது, புள்ளி சேரவில்லை

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணியும் மருத்துவப் பஞ்சும் விற்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். தண்டர்பேர்டில் இருந்த வாடிக்கையாளர் பட்டியலை ஜிமெயிலுக்கு மாற்றினாராம். சிஎஸ்வி கோப்பாக இறக்கி, எக்ஸெலில் திறந்து, வேண்டாத பெயர்களை நீக்கி, யுடிஎஃப்-8 என்றிருந்ததைத் தேர்ந்தெடுத்துச் சேமித்து, ஜிமெயிலில் ஏற்றியிருக்கிறார். மின்னஞ்சல் முகவரிகள் ஒன்றுவிடாமல் வந்துவிட்டன. தமிழில் இருந்த பெயரும் ஊரும் கிறுக்கலாகிவிட்டன. இணையத்தில் கிடைத்த ஒரு கருவியில் போட்டுப் பார்த்ததில் பெரும்பகுதி தமிழாகத் திரும்பியது. ஆனால் புள்ளி இருந்த இடத்திலெல்லாம் கேள்விக்குறி. “மற்ற எழுத்துகள் எல்லாம் வர, புள்ளி மட்டும் எங்கே போனது? வைரஸா?” என்கிறார்.

வைரஸ் இல்லை. இவ்வளவு துல்லியமாக ஒரு கேள்வி வருவது அபூர்வம். பதிலும் அதே அளவு துல்லியமானது.

மின்னஞ்சல் முகவரிகள் பிழைத்ததற்குக் காரணம், அவை ஆங்கில எழுத்தில் இருப்பதுதான். அந்த எழுத்துகளுக்கு ஏறக்குறைய எல்லா மென்பொருளும் ஒரே எண்களைத்தான் வைத்திருக்கின்றன. தமிழ் அப்படியில்லை. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் வேண்டும். ‘க’ என்றால் 224, 174, 149. ‘ம’ என்றால் 224, 174, 174. புள்ளிக்கு 224, 175, 141. முதல் எண் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175, வேறு எதுவும் வராது. இன்ன எழுத்து என்று காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் மூன்றாவது எண்தான்.

பொதிகை எக்ஸ்பிரஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பெட்டி கோத்த ஒரு குட்டி ரயில். சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால், கோப்பின் தலைப்பில் யுடிஎஃப்-8 என்று சொல்லும் அடையாளம் இல்லாதபோது, எக்ஸெல் நம் ஊர்க் கணினிகளில் விண்டோஸ்-1252 என்ற மேற்கு ஐரோப்பியப் பட்டியலை வைத்துப் படிக்கிறது. அந்த ஸ்டேஷனில் பெட்டிகளைச் சேர்த்துப் பார்க்கும் வழக்கமே கிடையாது. வந்த ரயிலைக் கழற்றி, ஒவ்வொரு பெட்டியையும் அதன் எண்ணுள்ள பிளாட்பாரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். 224ஆம் பிளாட்பாரத்தில் தலையில் சாய்கோடு வைத்த ஒரு பிரெஞ்சு எழுத்து நிற்கும். 174இல் வட்டத்துக்குள் அடைத்த ‘ஆர்’. 175இல் வெறும் மேல்கோடு. கிறுக்கலில் இந்த மூன்றும் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். சிதைந்திருந்தாலும் இது தமிழ்தான் என்று அந்தக் கிறுக்கலே சொல்லிவிடுகிறது.

அந்த ஸ்டேஷனில் 256 பிளாட்பாரங்களுக்கு எண் ஒதுக்கியிருக்கிறார்கள், ஐந்தைக் கட்டவில்லை: 129, 141, 143, 144, 157. அங்கே போகவேண்டிய பெட்டிக்கு இறங்க இடமில்லை. சில ஸ்டேஷன் மாஸ்டர்கள் அதைக் கண்ணுக்குத் தெரியாத குறியாக யார்டில் நிறுத்திவைப்பார்கள்; திரும்பக் கோக்கும்போது பெட்டி கிடைத்துவிடும். சிலர் அதைக் கழித்துவிட்டு ஒரு கேள்விக்குறியை நிறுத்துவார்கள். வாசகர் பயன்படுத்திய கருவி இரண்டாவது ரகமாகத்தான் இருக்கவேண்டும்.

இனி அந்த ஐந்து எண்களைத் தமிழோடு பொருத்திப் பாருங்கள். 141 நம் புள்ளி. 129 ‘கு’, ‘பு’ என்பவற்றில் வரும் உகரக் குறி. 143 ‘ஏ’. 144இல் ‘ஐ’யும் ஓம் குறியும். 157இல் தமிழுக்கு எழுத்தே இல்லை. ஆக, கழன்றுபோகக்கூடியவை இவ்வளவுதான். புள்ளி இல்லாமல் தமிழில் ஒரு வரிகூட எழுத முடியாது என்பதால் இழப்பு பெரிதாகத் தெரிகிறது. ‘ராஜபாளையம்’ என்பது 10 குறி, 30 பைட். அதில் ஆபத்து கடைசிப் புள்ளிக்கு மட்டும். ‘ஸ்ரீவில்லிபுத்தூர்’ 18 குறி, 54 பைட். நான்கு புள்ளி, ஒரு உகரம், ஆக ஐந்து இடத்தில் அடிபடும். பத்து கிலோமீட்டர் சொச்சம் தள்ளியிருக்கும் ஊருக்கு ஐந்து மடங்கு சேதம்!

அந்த ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ‘ஸ்ரீ’யை இரண்டு விதமாகத் தட்டச்சு செய்யலாம். ஒன்றில் முதல் குறி ‘ஸ’. மற்றதில் 2005இல் யூனிகோடு 4.1 பதிப்பில் சேர்ந்த ‘ஶ’. திரையில் இரண்டும் பெரும்பாலும் ஒரே உருவம். உள்ளே மூன்றாவது எண் 184, 182 என்று மாறியிருக்கும். எண்களை அப்படியே ஒப்பிடும் மென்பொருளுக்கு அவை இரண்டு ஊர்கள். பால்கோவா கடைக்காரர்கள் ஊர்ப்பெயரை வைத்துத் தேடி, பாதிப் பேர் வரவில்லையென்றால் இதைச் சந்தேகிக்கலாம்.

வரலாறு கேட்பவர்களுக்கு: தமிழ் 1991இலேயே யூனிகோடில் இடம்பிடித்துவிட்டது, யுடிஎஃப்-8 முறையை 1992இல் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் வகுத்தார்கள். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நாம் டிஸ்கி, டேப், டேம் என்று ஆளுக்கொரு முறையில் தட்டிக்கொண்டிருந்தோம். அந்தக் காலத்துக் கோப்பென்றால் மேலே சொன்னது பொருந்தாது. முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

ஒரே கிளிக்கில் மாற்றித் தருகிறோம், செயற்கை நுண்ணறிவு உங்கள் பட்டியலைச் சீராக்கும் என்றெல்லாம் வரும் விளம்பரங்களை நான் நம்புவதில்லை. கேள்விக்குறியாகிவிட்ட இடத்தில் இருந்தது புள்ளியா உகரமா என்று எந்தக் கருவியும் ஊகிக்கத்தான் முடியும். ஊகம் பெரும்பாலும் சரியாக இருக்கலாம். வாடிக்கையாளரின் பெயரில் ‘பெரும்பாலும்’ போதாது. போதாக்குறைக்கு, வாடிக்கையாளர்களின் முகவரிகளை முன்பின் தெரியாத இணையதளத்தில் ஏற்றுவது அவர்களுக்குச் செய்யும் துரோகம்.

எக்ஸெல் இன்னொன்றும் செய்யும். 91இல் தொடங்கும் 12 இலக்கக் கைபேசி எண்ணைப் பெரிய எண்ணாக நினைத்துச் சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போயே போச்சு. எக்ஸெல் கட்டாயம் வேண்டுமென்றால், ‘டேட்டா’ பட்டியல் வழியாகக் கோப்பை உள்ளே கொண்டுவந்து, 65001 யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுத்து, தொலைபேசிப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று குறித்துவிடுங்கள். என்னைக் கேட்டால், களையெடுப்பதைப் பழைய மெயிலிலேயே முடித்துவிட்டு, நடுவில் எதிலும் திறக்காமல் ஏற்றுவதே மேல். இரண்டு பக்கமும் விகார்டு கோப்பை ஏற்குமானால் அதையே எடுங்கள். 2011இல் வந்த அதன் நான்காம் பதிப்பில் யுடிஎஃப்-8 தவிர வேறு முறைக்கே இடமில்லை.

வாசகருக்கு: திரையில் கிறுக்கலைப் பார்த்தபோது உங்கள் கோப்பு கெட்டிருக்கவில்லை. படித்த விதம்தான் தவறு. சேமித்த பிறகே கெட்டது. இனி அப்படித் தெரிந்தால், ‘சேமிக்கவா?’ என்ற கேள்விக்கு ‘வேண்டாம்’ சொல்லி மூடிவிடுங்கள். தண்டர்பேர்டிலிருந்து முதலில் இறக்கிய கோப்பு எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், தண்டர்பேர்டில் பட்டியல் இன்னும் இருக்கும். மறுபடி இறக்கி, திறக்காமல் ஏற்றுங்கள்.